நூற்றுக்குப் பூஜ்யம்

மூன்றாவது மஞ்சள் ஃபிராக்கைப் பார்த்தபோதுதான் பெனிட்டாவுக்குக் கோபம் வந்தது. முதல் இரண்டுக்கும் சிரித்து மழுப்பிவிட்டாள்.

சலேத்து பத்து மாதம் கழித்து மேலேயிருந்து வந்திருந்தான். மேலே என்றால் திரேஸ்புரத்தில் இப்போது யாரும் மாடியை நினைப்பதில்லை. பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் நிலையத்தைத்தான் சொல்கிறார்கள். வாசலில் பையை வைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல், பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஃபிராக்கை எடுத்தான்.

"மெரிலு, போட்டுக் காட்டு மக்கா."

எட்டு வயது மெரில் அதை விரித்துப் பார்த்தாள். அதே மஞ்சள், கழுத்தில் அதே வெள்ளை லேஸ், அதே ஐந்து வயது அளவு. அந்தப் பிள்ளைக்கு இருக்கும் பொறுமை அவள் அம்மாவுக்குக் கிடையாது. "நல்லாருக்குப்பா" என்று சொல்லி, பீரோவில் மற்ற இரண்டுக்கும் மேலே மடித்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

"உங்க மகளுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள் பெனிட்டா.

"எட்டு." யோசிக்காமல் சொன்னான்.

"பின்ன?"

சலேத்து தன் கையைப் பார்த்துக்கொண்டான். வலது ஆள்காட்டி விரல், நகத்திலிருந்து இரண்டாவது கணு வரைக்கும் கறுத்துப்போயிருந்தது. "கடையில எட்டு வயசுன்னுதான் கேட்டேன் பெனி. நெறைய எடுத்துப் போட்டான். ஒண்ணும் மனசுக்குப் படல. இதப் பாத்ததும் கை தானா எடுத்துருச்சு. இதுதான் நம்ம பிள்ளைக்குன்னு தோணுச்சு."

இரண்டு வருடமாகவே பெனிட்டாவுக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. போன தடவை அவன் வந்தபோது அவள் ஆசை ஆசையாகச் சொன்னதையெல்லாம் இந்தத் தடவை புதிதாகக் கேட்பதுபோலக் கேட்கிறான். மேலே பெண்களும்தான் வேலை செய்கிறார்கள். மனசு வேறு எங்கோ இருக்கிற ஆள்தான் பிள்ளையின் அளவை மறப்பான் என்று அவள் முடிவுகட்டி வைத்திருந்தாள். இதை வெளியே சொன்னால் யாருக்கு அசிங்கம்? அதனால் சொல்லவில்லை.

சங்கு குளிக்கிறவர்களைத் தேடி கம்பெனிக்காரர்கள் திரேஸ்புரத்துக்கு வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். வானத்தில் மிதந்துகொண்டு திருகாணி முடுக்குவதற்குப் படித்த பிள்ளைகளைவிட, கடலடியில் பாதி இருட்டில் கைத்தடவலிலேயே வேலை பார்த்துப் பழகியவர்கள் தோதாக இருப்பார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்திருந்தான். நம் ஆட்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். அக்காவின் வாழ்க்கை அந்தக் கயிற்றின் நுனியில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கண்ணயர மாட்டான் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. கம்பெனிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அப்படித்தான் பெனிட்டாவின் தம்பி இன்னாசியும் சலேத்துவுடன் மேலே போனான்.

முதல் வருடம் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து ரத்தம் கெட்டுச் செத்தார்கள். ஒருவர் சலேத்துவின் சொந்த அண்ணன் மிக்கேல். காற்று மண்டலத்துக்கு வெளியே அடிக்கும் கதிர்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் புகுந்து அதன் மரபு இழையை அறுத்துவிடுகின்றன என்றார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் லேகியம். மலையில் வளர்க்கும் அக்ரூட் மரத்தின் இலையையும், காயின் பச்சைத் தோலையும் சாறெடுத்துச் சுண்டவைத்துச் செய்தது. மேலே தண்ணீர் மருந்து உருண்டையாகி மிதந்துபோகும் என்பதால், தினமும் மூன்று வேளை விரலால் தொட்டு ஈறில் தேய்த்துக்கொள்ள வேண்டும். அக்ரூட் தோலின் கறை லேசில் போகாது. ஓட்டுப் போட்ட மைபோல விரலிலேயே நிற்கும்.

லேகியம் வந்த பிறகு ஒருவர்கூடச் சாகவில்லை. இதைப் பெனிட்டா அடித்துச் சொல்லுவாள். ஏனென்றால் எண்ணுவது அவள்தான்.

தூத்துக்குடி பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. மாதம் ஒருமுறை மேலேயிருந்து சரக்குக் கூண்டில் ரத்தக் குழாய்கள் வந்து இறங்கும். ஒவ்வொரு ஆளின் ரத்தத்திலிருந்தும் நூறு செல்களைக் கண்ணாடித் துண்டில் பரப்பி எண்ண வேண்டும். என்ன எண்ணுகிறாய் என்று மெரில் ஒருநாள் கேட்டபோது இப்படித்தான் விளக்கினாள்:

"செல்லு மேல லேசா கரண்டு விடுவோம். உள்ள இருக்குற நூலு அறுபடாம இருந்தா உருண்டையா, அப்படியே நிலா மாதிரி நிக்கும். அறுந்துருந்தா அந்தத் துண்டெல்லாம் ஒரு பக்கமா இழுபட்டு ஓடும். வால் முளைச்ச மாதிரி."

"உனக்கு வால் இருக்காம்மா?"

"எல்லாருக்கும் ரெண்டு மூணு இருக்கும். வெயிலு, புகை, திங்கிறது, எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம் அறும். உடம்பே ஒட்டிக்கிடும்."

"அப்பாவுக்கு?"

"ஒண்ணுகூடக் கிடையாது. நூத்துக்குப் பூஜ்யம்" என்று பெருமையாகச் சொன்னாள் பெனிட்டா. தேர்வில் மகன் நூறு வாங்கினால் ஒரு தாய் எப்படிச் சொல்லுவாளோ அப்படி, அவள் பூஜ்யத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஃபிராக் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் தொம்மையின் மனைவி ஸ்டெல்லா அவளைப் பிடித்துக்கொண்டாள். தொம்மையும் மேலே போகிற ஆள்தான்.

"ஏட்டி பெனிட்டா, உனக்குக் குக்கர் வேணுமா? புதுசு. அஞ்சு லிட்டரு."

"ஏன், நீ வச்சிக்கிடலயா?"

"எங்கிட்ட மூணு இருக்கு. அவிய வாரப்பல்லாம் குக்கரத்தான் தூக்கிட்டு வாராவ. கேட்டா, 'உன் பழசு வாஷர் போயிருச்சுன்னு சொன்னியேட்டி'ங்காவ. அது நான் சொல்லி மூணு வருசம் ஆவுது." சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவளுக்குக் குரல் உடைந்தது. "வெளிய சொல்லிராத. அவியளுக்கு வேற எவளோ இருக்கான்னு நெனைக்கேன்."

அன்று மாலைக்குள் பெனிட்டா ஒன்பது வீடு ஏறி இறங்கினாள். எந்த வீட்டிலும் நேராகக் கேட்கவில்லை. உன் வீட்டுக்காரர் என்ன வாங்கி வந்தார் என்று மட்டும் கேட்டாள். ஒரு வீட்டில் ஒரே மாதிரி மூன்று சுவர்க் கடிகாரம். ஒரு வீட்டில், கல்யாணமாகிப் போய்விட்ட தங்கைக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு. ஒவ்வொருத்தியும் புருஷன் மனசு தன்னைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து, வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒருத்தி வாய் திறந்திருந்தால் முதல் வருடமே தெரிந்திருக்கும்.

மறுநாள் டாக்டர் வைரமணியின் அறைக் கதவைத் தட்டினாள். மதுரைக்காரி. கூடத்துக்குத் தலைவி. பெனிட்டா சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நாம எதை எண்ணுறோம் பெனிட்டா?"

"வால் மேடம்."

"ஆமா. ரத்தத்துல. மூளையில யாரு எண்ணுனா?" என்றார். "புதுசா ஒண்ணு மனசுல நிக்கணும்னா மூளைச் செல்லு தன்னோட இழையத் தானே கொஞ்சம் அறுத்துக்கும். அறுத்து, வேணுங்கற இடத்தைத் திறந்து விட்டுட்டு, மறுபடியும் முடிஞ்சுக்கும். அந்த அறுப்பு இல்லேன்னா பாத்தது பாத்ததோட போயிரும். நம்ம லேகியத்துக்கு நல்ல அறுப்பு எது, கெட்ட அறுப்பு எதுன்னு தெரியாதும்மா. ஒண்ணையும் விடாது."

"ஆனா அவருக்கு என்னயத் தெரியுதே மேடம். வேலை ஒண்ணும் மறக்கலையே."

"பழசு எங்கயும் போகாது. கை பழகினதும் போகாது. புதுசுதான் ஒட்டாது. திரும்பத் திரும்பச் சொன்னா வாய்ப்பாடு மாதிரி நிக்கும். பாப்பாவுக்கு எட்டு வயசுங்கறது அவருக்கு வாய்ப்பாடு. அவர் மனசுல இருக்கிற பாப்பாவுக்கு லேகியம் ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன வயசு?"

"அஞ்சு" என்றாள் பெனிட்டா.

சந்தேகம் தீர்ந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அவளுக்கு அழுகைதான் வந்தது. வேறொருத்தி இருந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பாள். இங்கே அவளுக்குப் போட்டியாக இருப்பவள் மூன்று வருடத்துக்கு முந்தைய அவளேதான். அவன் காதலிப்பது அந்தப் பழையவளை. மஞ்சள் ஃபிராக் மாட்டிக்கொள்வதும் அவள் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளை. அந்த வீட்டுக்குப் பெனிட்டாவால் திரும்பிப் போக முடியாது, அவனால் அதைவிட்டு வெளியே வர முடியாது.

வீட்டுக்கு வந்து சலேத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. எழுந்துபோய்ப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து வந்து கொடுத்தான். 'மெரில் எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. முன்பல் முளைத்துவிட்டது. பெனிட்டாவுக்கு முழங்கால் வலி, கேட்க வேண்டும்.' பக்கம் பக்கமாக அவன் கையெழுத்து.

"வாரா வாரம் நீ போன்ல சொல்லுதத எழுதி வச்சிக்கிடுவேன். எறங்குறதுக்கு முன்னால ஒரு வாரம் உக்காந்து படிப்பேன். எல்லாப் பயலும் அப்படித்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா லேகியத்த நிறுத்தச் சொல்லுவ. எங்க அண்ணன் எப்படிச் செத்தான்னு நாந்தான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

இரண்டு மாத விடுமுறைதான். கீழே கதிர் பயம் இல்லை. அந்த இரண்டு மாதமும் லேகியத்தைத் தொட வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். விடுமுறையிலும் விடாமல் தேய்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி. டாக்டர் வைரமணி கண்டும் காணாமல் இருந்துவிட்டார். இதைப் பற்றிக் கம்பெனி மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு மட்டும் உடனே பதில் வந்தது. ஞாபகமறதி பாதுகாப்பு அளவுகோல்களுக்குள் வருவதில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

வாரம் ஒருமுறை சலேத்துவின் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப்போய் எண்ணினாள். முதல் வாரம் பூஜ்யம். இரண்டாவது வாரமும் பூஜ்யம். மூன்றாவது வாரம் நூறு உருண்டைகளுக்கு நடுவே மூன்று சின்ன வால்கள் தெரிந்தன. ஊரெல்லாம் எந்த வாலைக் கண்டு பயந்ததோ, அதைப் பார்த்து அவள் யாருக்கும் தெரியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் ஒரு மதியம். சலேத்து சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையாட்டினான்.

"இன்னைக்குக் கொழம்பு நல்லாருக்கு. அன்னைக்கு வாளைக் கொழம்புல புளி தூக்கலா இருந்துச்சுல்லா."

பெனிட்டாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "என்னைக்கு?"

"போன வெள்ளிக்கெழம. மெரிலு மொகத்தச் சுளிச்சாளே. நீகூட அவ முதுகுல ஒண்ணு வச்சியே."

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் தன் குழம்பைக் குறை சொன்னவனை அவள் சும்மா விட்டதில்லை. அன்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மெரில் பயந்துபோய், "புளி நெசமாவே கூடத்தாம்மா" என்று சமாதானம் சொன்னாள். அதன் பிறகு வந்த மூன்று வாரம் அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம். அவன் நேற்றைப் பற்றிப் பேசினான். முந்தாநாளைப் பற்றிச் சண்டை போட்டான். மெரிலின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு மேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தான்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு பயணம் பாக்கியிருந்தது. போகாதீர்கள் என்று அவள் ஒருமுறைதான் சொன்னாள்.

"நான் போகலன்னா இன்னாசிய வேற எவனோ ஒருத்தனுக்குக் கயிறு பிடிக்க விட்டுருவானுவ. ஒன் தம்பிய அப்படி விட்டுட்டு என்னால இங்க சோறு திங்க முடியாது பெனி. கடைசித் தடவ."

புறப்படும் காலையில் மெரிலை முன்னால் நிறுத்தி, அவன் கையை எடுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தாள்.

"மூணு வேளையும் லேகியம் போடுவேன்னு சத்தியம் பண்ணுங்க. எங்கள மறந்தாலும் பரவால்ல. திரும்பி வந்து மறுபடியும் ஞாபகப்படுத்திக்கிடலாம். ஆளு இருந்தாப் போதும்."

சலேத்து பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். "போடுதேன்" என்றான்.

பத்து மாதம். வாரம் ஒருமுறை குரல் மட்டும் கேட்கும், முகம் தெரியாது. மாதம் ஒருமுறை ரத்தக் குழாய் வரும். குழாய் எண் நாற்பத்தொன்று சலேத்து, நாற்பத்திரண்டு இன்னாசி. எண்ணி முடித்ததும் மூச்சு வரும். நூற்றுக்குப் பூஜ்யம், நூற்றுக்குப் பூஜ்யம். ஐந்து வாலுக்கு மேல் போனால் ஆளை உடனே கீழே இறக்கிவிடுவார்கள். சில மாதம், ஆறு வால் தெரியக்கூடாதா, ஆள் வந்து சேரட்டுமே என்றுகூட ஆசைப்பட்டிருக்கிறாள். ஆசைப்பட்ட உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். போனில் அவன் கேட்பதற்கெல்லாம், நோட்டைப் பார்த்துக் கேட்கிறான் என்று நினைத்துப் பதில் சொன்னாள். குழம்புக்கு இன்றைக்குப் புளி சரியா என்று அவன் கேலியாகக் கேட்டதையும், எழுதி வைத்துக் கேட்கிறான் என்றே நினைத்தாள்.

சலேத்து வந்தது ஒரு சனிக்கிழமை காலை. கொஞ்சம் மெலிந்திருந்தான். வழக்கம்போலப் பையை வாசலில் வைத்துவிட்டு உறையைப் பிரித்தான். மெரில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாலேயே, எதுவும் சொல்லாதே என்றாள். நான்காவது மஞ்சள் ஃபிராக்குக்குப் பீரோவில் ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

வந்தது பச்சை. மயில் கழுத்துப் பச்சை. மெரில் உள்ளே ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோள் சரியாக இருந்தது, இடுப்பு சரியாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீளமா இருக்குப்பா."

"வளருற பிள்ளைல்லா. அடுத்த வருசத்துக்கும் சேத்துத்தான் எடுத்தேன்." கதவு நிலையிலிருந்த பென்சில் கோட்டைக் காட்டினான். "அங்கருந்து நாலு விரக்கட கூட்டிக் கணக்குப் போட்டேன். சரியா இருக்கா?"

மெரில் சுற்றிச் சுற்றி வந்தாள். பெனிட்டா கைகொட்டிச் சிரித்தாள். பத்து மாத ஏக்கமெல்லாம் ஒரே மூச்சில் இறங்கியதுபோல இருந்தது. சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தாள்.

வலது ஆள்காட்டி விரலில் கறை இல்லை. நகம் வெள்ளை வெளேர் என்று, கைக்குழந்தையின் நகம்போல இருந்தது.

"என்னங்க இது?"

சலேத்து கையை இழுத்துக்கொண்டான். மெரில் அடுத்த வீட்டுக்கு ஃபிராக்கைக் காட்ட ஓடியிருந்தாள்.

"முதல் வாரம் போட்டேன் பெனி. ரெண்டு நாளுதான். அந்தக் கோடு எந்த உசரத்துல இருந்துச்சுன்னு யோசிச்சேன், பிடிபடல, புதுசா ஒட்டுனது நழுவப் பாத்துச்சு. மறுபடியும் அந்த அஞ்சு வயசுப் பிள்ளதான் வந்து நின்னா. அப்பவே தூக்கி வச்சிட்டேன்."

"மாசா மாசம் நாந்தான எண்ணுனேன்! பூஜ்யம்லா வந்துச்சு!"

"அது இன்னாசி ரத்தம். ரெண்டு குழாய்லயும் அவன்தான் குடுத்தான்."

அவள் செருப்புகூடப் போடாமல் தம்பி வீட்டுக்கு நடந்தாள். இன்னாசி அப்போதுதான் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான். அவன் விரல் மூன்று கணுவும் கறுத்திருந்தது.

"ஏம்லே இப்படிப் பண்ணுன? கயிறு பிடிக்கத்தான உன்ன அனுப்புனேன்? மாசா மாசம் மச்சானுக்குப் பதிலா ரத்தம் குடுத்து என்னய ஏமாத்துனியே!"

இன்னாசி துவட்டுவதை நிறுத்தினான். அக்காவின் முகத்தையே பார்த்தான். அவன் கண்ணில் கள்ளமே இல்லை.

"நானா? எப்பக்கா?"

அவனுடைய கறுத்த விரலை அவள் மறுபடியும் பார்த்தாள். தம்பியின் ஈரத் தலையை ஒருமுறை தடவிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கடைசிப் பயணம் முடித்தவர்களுக்குக் கம்பெனி ரத்தம் எடுப்பதில்லை. இனி மேலே போகாத ஆளின் ரத்தம் அவர்களுக்கு எதற்கு? திங்கட்கிழமை பெனிட்டாவே அவன் விரலில் ஊசி குத்தி எடுத்துப்போனாள். எண்ண ஆரம்பித்தாள். இருபதாவது செல்லிலேயே கண் மறைத்தது. டாக்டர் வைரமணி அவளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து நூறையும் எண்ணி முடித்தார். எண்ணிக்கையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, அவள் கையில் கொடுத்தார்.

"உடனே வைத்தியத்த ஆரம்பிக்கலாம். ஆரம்பிச்சா லேகியமும் மறுபடி போடணும். காலம் முழுக்க." அவர் பெனிட்டாவைப் பார்க்காமல் சொன்னார். "அவர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லு."

அவள் வீட்டுக்கு வந்தபோது மெரில் பச்சை ஃபிராக்கோடு நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள். "எம்மா, நாளைக்கு அனிதா வீட்டுல பொறந்தநாளு. இதக் கொஞ்சம் மடிச்சித் தச்சித் தா."

பெனிட்டா தையல் பெட்டியை எடுத்து வந்து பிள்ளையின் காலடியில் உட்கார்ந்தாள். சலேத்து கட்டிலில் சாய்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றையும் விட்டுவிடக்கூடாது என்பதுபோலப் பார்த்தான்.

"எத்தன?" என்று கேட்டான்.

அவள் வாயில் ஊசி இருந்தது. விளிம்பை நான்கு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்தாள். அடுத்த வருடம் பிரித்து இறக்கிவிடச் சுலபமாக இருக்கும் என்று, பெரிய பெரிய தையலாகப் போட ஆரம்பித்தாள்.